என்ஜின் மாற்றினால் மட்டும் ஜீப் மலை ஏறுமா?



நம் மலரில் வழக்கமாக வருபவை புதுக்கவிதை, வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை ஒழிப்பு, நடுவில் கொஞ்சம் ஜோக்ஸ். இந்த ஆண்டு ஒரு மாறுதலுக்கு ஜீப் ஒயரிங் பற்றி எழுதட்டுமா என்று மலர்க் குழுவில் கேட்டேன். "ஒயரைப் பத்தி எழுத என்னய்யா இருக்கு?" என்று சிரித்தார்கள். நிறைய இருக்கிறது. நம் மாவட்டத்து மனிதர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் அதில் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஜீப்பில் வேறு என்ஜினும் வேறு கியர் பாக்ஸும் ஏற்றும்போது, ஒயரிங்கைக் கடைசி நாள் சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். அது முதல் நாள் வேலையாக வேண்டும். காகிதத்தில் ஒயரிங் படம் வரையாமல் எந்த ஜீப்பும் பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தப் படத்தை வரைய வேண்டியவர்கள் டிப்ளமோ படிக்கும் நாம்தான்.

மலையும் ஜீப்பும்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறிய எல்லோருக்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் தெரியும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அரசு நிர்வாகம் முழுமையாக மேலே வந்தது. சாலையும் பஸ்ஸும் மெதுவாகத்தான் ஏறின. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. குறை இன்னும் தீரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பெரிய சாலையை விட்டு ஒதுங்கிய ஊர்களுக்கு ஜீப்பும் பிக்-அப்பும்தான் கை கொடுக்கின்றன. மரவள்ளி மூட்டையும் அதில்தான், பள்ளிக்கூடப் பிள்ளையும் அதில்தான், பிரசவ வலி எடுத்த பெண்ணும் பல சமயம் அதில்தான்.

இப்படி மலையில் உழைக்கும் பழைய ஜீப்புகளின் சரித்திரத்தைப் புரட்டினால், பாதிப் பக்கம் என்ஜின் மாற்றிய கதையாக இருக்கும். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 1940-களின் கடைசியில். பிறகு வந்த சி.ஜே. 3பி ஜீப்பில் இருந்தது 134 கன அங்குல பெட்ரோல் என்ஜின், அதாவது சுமார் 2.2 லிட்டர். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஊற்றி மாளவில்லை. கம்பெனியே பின்னாளில் பியூஜோ உரிமம் வாங்கி 2,112 சி.சி. டீசல் என்ஜினை எம்.எம். 540 போன்ற ஜீப்புகளில் பொருத்தியது. பட்டறைக்காரர்கள் கம்பெனியை எதிர்பார்த்துக் கொண்டிருக்கவில்லை. கையில் கிடைத்த டீசல் என்ஜினை ஏற்றினார்கள். மெர்சிடிஸ் வழியில் வந்த மெட்டடார் வேன் என்ஜின் ஜீப்பின் மூக்குக்குள் போனது இப்படித்தான். இன்று சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்து வாய் பிளக்கிறோம். அந்தத் தாங்குசக்திக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ மிஸ்திரிகளின் மூளை இருக்கிறது. அவர்களுக்கு முதலில் ஒரு வணக்கம்.

யாருக்கும் சொந்தமில்லாத வேலை

என்ஜின் மாற்றும் பட்டறையில் யாருக்கு என்ன மரியாதை என்று கவனித்திருக்கிறீர்களா? என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே அடாப்டர் பிளேட் கடைந்து தரும் லேத்காரர் ராஜா. மவுண்ட் வெல்டிங் வைப்பவர் மந்திரி. புரொப்பெல்லர் ஷாப்டை அளந்து வெட்டி பேலன்ஸ் பார்ப்பவர் தளபதி. ஒயரிங்? "அது கடைசியில பாத்துக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சிடுவான்" என்பார்கள்.

நம் கல்லூரியிலும் இதே கதைதான். மெக்கானிக்கல் பசங்க, "கரண்ட் சமாச்சாரம் உங்க வேலை" என்பார்கள். எலக்ட்ரிகல் படிக்கும் நாங்கள் மூன்று பேஸ் மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் படித்துவிட்டு, "12 வோல்ட்டெல்லாம் ஒரு வோல்ட்டா?" என்று ஏளனமாகப் பார்ப்போம். எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு கிரீஸ் என்றாலே அலர்ஜி. மூன்று துறைக்கும் நடுவில் ஜீப்பின் ஒயர் அநாதையாகத் தொங்குகிறது.

12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் டீசல் என்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் அந்தத் தடித்த ஒயருக்குப் பெரும்பாலும் ப்யூஸே கிடையாது. புதிதாக ஏற்றிய என்ஜினில் செல்ஃப் எந்தப் பக்கம் இருக்கிறது, சைலன்ஸர் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று முன்பே பார்க்காமல் அந்த ஒயரை இழுத்துவிட்டால், மலைக் குலுக்கலில் அது குழாயில் உரசும். இன்சுலேஷன் உருகினால் பேட்டரியின் முழு பலமும் ஓர் இடத்தில் நெருப்பாகும். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒயரிங் முதல் நாள் வேலை என்று நான் சொல்வதன் காரணம் இது. மவுண்ட் வெல்டிங் வைக்கும் முன்பே பேட்டரி எங்கே, செல்ஃப் எங்கே, ஒயர் எந்த வழி என்று முடிவாகிவிட வேண்டும்.

பெட்ரோல் போய் டீசல் வந்தால் என்ன மாறும்?

ஐந்து விஷயம் சொல்கிறேன். ஐந்தும் பாடப்புத்தகத்தில் நாம் படித்ததுதான்.

ஒன்று, எர்த். என்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. என்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் தடித்த எர்த் ஒயர் இல்லாவிட்டால், செல்ஃப் இழுக்கும் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவோ ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகவோ திரும்பி வர முயலும். கேபிள் சூடாகி இறுகிப் போன வண்டிகள் உண்டு. "கேபிள் மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவோம். கேபிள் என்ன செய்யும், பாவம்!

ஒயரின் தடிமனையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். ஒன்றரை மீட்டர் நீளத்தில் 25 சதுர மி.மீ. ஒயர் போட்டு 300 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.3 வோல்ட். காசு மிச்சம் என்று 10 சதுர மி.மீ. போட்டால் 0.77 வோல்ட். எர்த் பக்கமும் அதே கஞ்சத்தனம் என்றால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே காலி. குளிர்கால விடியற்காலையில் வெள்ளிமலையில் "பேட்டரி வீக்" என்று நான்கு பேர் தள்ளும் வண்டிகளில் எத்தனைக்கு உண்மையில் பேட்டரி வீக்?

இரண்டு, சார்ஜிங். பழைய ஜீப்பில் டைனமோவும் கட்-அவுட்டும் இருந்தன. புது என்ஜினோடு ஆல்டர்னேட்டர் வரும். பழைய கட்-அவுட்டைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட வேண்டியதுதான். ஆனால் டேஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டரை மறந்துவிடுகிறார்கள். டைனமோ காலத்து மீட்டர் அது. சார்ஜ் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகும். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை அதன் தலையில் கட்டினால் டிரைவரின் முழங்காலுக்கு நேரே சூடு ஏறும். அதை எடுத்துவிட்டு ஒரு வோல்ட் மீட்டர் வைப்பது நல்லது. ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் நிம்மதியாக மலை ஏறலாம்.

சார்ஜ் சிவப்பு விளக்குக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது. பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் உசுப்பல் கரண்ட் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. விடுமுறையில் நான் நின்று வேலை பழகிய பட்டறைக்கு ஒரு ஜீப் வந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறை பேட்டரி இறங்குகிறதாம். புது பேட்டரி மாற்றியும் அதே கதை. பெரியவர் டெஸ்ட் லைட்டைக்கூட எடுக்கவில்லை. "சிவப்பு பல்பு எரியுதா பாரு" என்றார். அந்த இடத்தில் யாரோ அழகுக்காக எல்.ஈ.டி. மாட்டியிருந்தார்கள். அதன் வழியாகப் போகும் கரண்ட் ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதவில்லை. நன்றாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் சார்ஜ் ஆகிறது, மெதுவாக ஊர்ந்தால் இல்லை. மலைப் பாதையில் ஜீப் ஊர்ந்துதானே போகும்! ஒரு சாதாரண பல்பு மாட்டியதும் வியாதி போயிற்று.

மூன்று, என்ஜினை நிறுத்துவது. பெட்ரோல் என்ஜினில் சாவியைத் திருப்பினால் ஸ்பார்க் நின்று என்ஜின் நிற்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலுக்கு ஸ்பார்க்கே கிடையாது, டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். சிலவற்றில் இழுக்கும் கேபிள், சிலவற்றில் சோலனாய்டு. சோலனாய்டிலும் இரண்டு ஜாதி. கரண்ட் வந்தால் நிறுத்துவது ஒன்று, கரண்ட் போனால் நிறுத்துவது மற்றொன்று. எது நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒயர் கொடுத்தால், ஒரு லூஸ் காண்டாக்டில் கொண்டை ஊசி வளைவில் என்ஜின் அணைந்துவிடும்.

நான்கு, பிரேக். ஒயரிங் கட்டுரையில் பிரேக் எங்கே வந்தது என்கிறீர்களா? பெட்ரோல் என்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் மானிஃபோல்டிலிருந்தே கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடைக்காது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். நம் நாட்டு டீசல் வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஆல்டர்னேட்டர் போச்சு, கார் ஆல்டர்னேட்டர் ஒண்ணு மலிவா கிடைச்சுது, மாட்டிட்டேன்" என்பவர், எலக்ட்ரிகல் வேலை செய்ததாக நினைத்துக்கொண்டு பிரேக்கின் பலத்தையும் கழற்றிவிடுகிறார். இறக்கத்தில் பெடல் கல்லாக நிற்கும்.

ஐந்து, ஹெட்லைட். இரண்டு 55 வாட் விளக்கு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் ஐம்பது வயதான சுவிட்ச் வழியாகப் போய் வந்தால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலையும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறையும் என்று நினைக்காதீர்கள். ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ப்யூஸோடு நேர் ஒயர் இழுத்தால் அந்த வெளிச்சம் திரும்பி வரும். ஆகும் செலவு இரண்டு சினிமா டிக்கெட். சேராப்பட்டுப் பக்கம் பனி இறங்கிய இரவில் எதிரே வரும் மாட்டை அந்த முப்பது சதவீதம்தான் காட்டிக் கொடுக்கும்.

கியர் பாக்ஸுக்கும் ஒயர் உண்டு. ரிவர்ஸ் லைட் சுவிட்ச், ஃபோர் வீல் விழுந்ததைக் காட்டும் சுவிட்ச், ஸ்பீடோமீட்டர். பழைய டிரான்ஸ்ஃபர் கேஸையே வைத்துக்கொண்டால் ஸ்பீடோ கேபிள் அதிலேயே இருக்கும். புது வகை என்றால் கேபிளுக்குப் பதில் சென்ஸார். டெம்பரேச்சர் மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. இந்த மீட்டருக்கு இந்த சென்டர் என்று ஜோடி உண்டு. ஜோடி மாறினால் கொதிக்கும் என்ஜினைக் குளிர்ந்ததாகக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி மலை ஏறினால் கேஸ்கெட் போகும்.

காமன் ரயில் வந்த பிறகு

இதுவரை சொன்னது பழைய பம்ப் என்ஜின்களுக்கு. இப்போது பசங்களின் ஆசை வேறு. புதுப்பேட்டையில் விபத்து வண்டியின் காமன் ரயில் என்ஜின் கிடைக்கிறது, அதை அப்பா காலத்து ஜீப்பில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பழைய என்ஜின் ஒயரே இல்லாமல்கூடத் தள்ளிவிட்டால் ஓடும், காமன் ரயில் என்ஜின் ஒயர் இல்லாவிட்டால் வெறும் இரும்பு.

அதில் டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று ஈ.சி.யு. என்ற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கிராங்க் சென்ஸார், கேம் சென்ஸார், ரயில் அழுத்த சென்ஸார், தண்ணீர் டெம்பரேச்சர், ஆக்சிலேட்டர் பெடல் என்று எல்லோரும் அதற்குச் சேதி சொல்ல வேண்டும். பெடலிலேயே இரண்டு சிக்னல். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் என்ஜின் வேகம் எடுக்காது. சாவியில் இம்மொபிலைஸர் வேறு. ஆகவே என்ஜினை மட்டும் பேரம் பேசி வாங்காதீர்கள். ஈ.சி.யு., முழு ஒயர் கட்டு, பெடல், சாவி, இம்மொபிலைஸர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். "ஒயர் கட்டு எதுக்கு, நறுக்கிக் கொடுத்துடறேன்" என்று கடைக்காரர் கத்தியை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருவிகள் பேசிக்கொள்ளும் கேன் லைன் என்ற முறுக்கிய ஜோடி ஒயரில், இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் 60 காட்ட வேண்டும். பேரலல் ரெஸிஸ்டன்ஸ் கணக்கை முதலாண்டில் தூங்கிக்கொண்டே போட்டோமே, அது இங்கே விழித்துக்கொள்கிறது.

"படிக்காத மிஸ்திரி செய்யலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். செய்கிறார். நம்மைவிட நன்றாகவே செய்கிறார். நான் பார்த்த பெரியவருக்கு ஒயரின் சூட்டைக் கையால் தொட்டே ஆம்பியர் சொல்லத் தெரியும். நம் டிப்ளமோ அவர் முன் நிற்க முடியாது. ஆனால் அவர் போட்ட ஒயரிங்கின் படம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. எல்லா ஒயரும் சிவப்பு, கடையில் அன்று இருந்தது அதுதான். இன்னாட்டில் இரவு எட்டு மணிக்கு வண்டி நின்றால் டிரைவர் கையில் ஒரு டெஸ்ட் லைட்டும் செல்போன் வெளிச்சமும்தான் இருக்கும், பெரியவர் இருக்க மாட்டார். அந்த டிரைவருக்குத்தான் படம் வேண்டும். எந்த ப்யூஸ் எதற்கு, எந்தக் கலர் எங்கே போகிறது, எர்த் எந்த போல்ட்டில் என்று ஒரே ஒரு தாள், பிளாஸ்டிக் உறை போட்டு டேஷ்போர்டு பெட்டியில். அவருடைய அறிவும் நம்முடைய வரைகோலும் சேர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இன்னொரு கேள்வி சட்டம். இதை மழுப்ப விரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அனுமதி இல்லாத வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. விபத்து என்றால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் நடுத்தெருவில் நிற்பது ஏழைக் குடும்பம்தான். ஆனால் கம்பெனி என்ஜினோடு முறையாக ஓடும் பழைய ஜீப்புகளிலும் எர்த்தும் ஹெட்லைட்டும் சார்ஜிங்கும் இதே லட்சணத்தில்தான் இருக்கின்றன. ஒயரைச் சரிசெய்ய எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

நாம் செய்யக்கூடியது

கடைசி ஆண்டு புராஜெக்ட் என்ற பெயரில் ஆண்டுதோறும் கடையில் வாங்கிய மாடலுக்கு பெயிண்ட் அடித்து வைக்கிறோம். அதற்குப் பதில் மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் மூன்று பிரிவும் சேர்ந்து ஒரே புராஜெக்ட் எடுக்கட்டும். ஒரு பழைய டீசல் என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு ஜீப்பின் முழு ஒயரிங்கையும் பலகையில் விரித்து ஓட்டிக் காட்டுவோம். சாலைக்கே வராத ஸ்டாண்டுக்கு ஆர்.டி.ஓ. தொல்லை இல்லை. எர்த்தைக் கழற்றினால் என்ன ஆகும், சார்ஜ் பல்பை எடுத்தால் என்ன ஆகும் என்று ஜூனியர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

அடுத்து, என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நடுவதோடு ஒரு நாள் கச்சிராயபாளையத்தில் மேசை போடுவோம். கையில் மல்டிமீட்டர், ஒரு டஜன் ரிலே, கொஞ்சம் எர்த் ஒயர், வரைதாள். மலைக்குப் போகும் ஜீப் ஒவ்வொன்றுக்கும் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ், சார்ஜிங் வோல்டேஜ், ஹெட்லைட் முனையில் வோல்டேஜ் என்று மூன்று அளவு எடுத்து, ஒயரிங் படம் வரைந்து டிரைவர் கையில் கொடுப்போம். ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களை விருந்தாளியாக அல்ல, ஆசிரியராக அழைப்போம்.

நாளைக்கு ஜீப்புக்கும் பேட்டரியும் மோட்டாரும் வரப் போகின்றன. அங்கீகாரம் பெற்ற கிட் கொண்டு அப்படி மாற்றச் சட்டமே வழி விட்டிருக்கிறது. அந்த வண்டியில் ஒயர்தான் எல்லாம். 12 வோல்ட்டில் எர்த் எங்கே என்று கேட்கப் பழகாதவன் 300 வோல்ட்டில் கை வைக்கலாமா?

மலர்க் குழு ஒப்புக்கொண்டால், அடுத்த ஆண்டு இதே பக்கங்களில் கட்டுரைக்குப் பதில் நாம் வரைந்த முதல் பத்து ஜீப்புகளின் ஒயரிங் படங்கள் வரட்டும். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் எலக்ட்ரிகல் லேப் வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதுங்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு முன்னுரிமை, ஸ்பேனர் அவர்களிடம்தான் இருக்கிறது.